நுரை தள்ளிய மிதவை

மூன்றரை மணி டீக்கு அமுதவல்லி இஞ்சி தட்டிக்கொண்டிருந்தபோது, சரிதா ஈரம் சொட்டும் முக்குளிப்பு உடையோடு சமையலறைக்கே வந்துவிட்டாள். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் முப்பது ஆண்டுகள் மீட்டர் முள்ளையே பார்த்து ஓய்வு பெற்றவர் அமுதவல்லி. எங்கள் தெருவில் எது தொலைந்தாலும் போலீசுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டு மலர்விழிக்கு அதற்கும் முன்பே. அவள் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தாள்.

"அக்கா, என் நீல ரிப்பனைக் காணோமுங்க! அஞ்சு மணிக்கு ஈஸ்வர் பேரை எழுதிருவாங்க!"

ஆற்று மீட்புக் குழுவில் ஒரே ஓர் இடம். அணையில் தண்ணீர் திறந்திருக்கும்போதே தேர்வு. முதுகில் காற்று சிலிண்டரோடு பாலத்தடியில் மூழ்கி, எதையும் பிடித்து நிற்காமல், இழுப்பின் போக்கிலேயே அடியில் போகவேண்டும். வழியில் இரும்புக் குண்டில் கட்டிய தன் ரிப்பனை உருவிக்கொண்டு பம்ப் ஹவுஸ் அருகே எழவேண்டும். ஆள் போகும் இடம் படகுக்குத் தெரிய, இடுப்புக் கயிற்றில் ஒரு மிதவை. முதலில் போன ஈஸ்வர் தன் சிவப்பு ரிப்பனோடு வந்தான். அடுத்துப் போன சரிதா வெறுங்கையோடு வந்தாள்.

"அவந்தான் எடுத்திருக்கான்!" என்றாள் மலர்விழி. சற்றுமுன் வரை கெளுத்தி மீனைச் சந்தேகப்பட்டவள்.

"எப்படிக் கண்ணு?" என்றார் அமுதவல்லி.

சரிதாவே இல்லையென்று தலையாட்டினாள். "ரெண்டு குண்டுக்கும் பத்தடி இருக்குதுங்க. ஒண்ணைத் தொடறதுக்குள்ள இன்னொண்ணைத் தண்ணி தாண்டிவிட்டுரும். தேர்வு நடத்தற அங்கமுத்து மாமாவும் அதையேதான் சொல்றாரு."

அமுதவல்லி அடுப்பை அணைத்தார். "கரையில என்ன பேசிக்கிட்டாங்க?"

"ஈஸ்வர் மிதவை நுரை தள்ளிக்கிட்டுப் பறக்குதுன்னு கைதட்டினோமுங்க," என்றாள் மலர்விழி. "இவளுது செத்த எலையாட்டம் ஆகாயத்தாமரை கூடவே போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் துளி சிரிச்சேன். வீடியோகூட இருக்குது."

வீடியோவை இரண்டு முறை பார்த்தார் அமுதவல்லி. "நாலரைக்கு எல்லாரையும் படித்துறைக்கு வரச்சொல்லு."

மலர்விழிக்கு இதைவிட இனிப்பான வேலை உண்டா? பாதி ஊர் திரண்டுவிட்டது.

அமுதவல்லி ஒரு காலி கேனில் கயிறு கட்டி ஆற்றில் விட்டார். கேன் சத்தமில்லாமல் சருகுகளோடு போனது. கயிற்றை இறுக்கிக் கேனை நிறுத்தினார். தண்ணீர் கேனில் மோதி வெள்ளையாய் நுரைத்தது.

"பாத்தீங்களா அங்கமுத்தண்ணா? தண்ணியோட போறதுக்கு நுரை ஏதுங்க? நிறுத்தினாத்தான் நுரைக்கும். நாம கைதட்டின நேரத்துல ஈஸ்வர் அடியில நின்னுக்கிட்டிருந்தான்." போனை நீட்டினார். "நாப்பது செகண்டு, மிதவை எதிர்க்கரை மருத மரத்துக்கு நேராவே இருக்குது. மரம் நடந்து போகலீங்க."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கைதட்டிய கைகளெல்லாம் பின்னால் போயின.

"ஈஸ்வரு, எதைப் புடிச்சுடா நின்னே?" என்றார் அங்கமுத்து.

ஈஸ்வர் உடைக்குள்ளிருந்து கயிறு கட்டிய ஒரு கொக்கியை எடுத்தான். கூடவே நீல ரிப்பனும் வந்தது. "பாறையில மாட்டி, கயித்துல ஊசலாடி எடுத்தேன் மாமா. அவ என்னையவிட நல்லாப் போவாள்னு தெரியும்."

அங்கமுத்து சரிதா பெயரை எழுதப் போனார்.

"இருங்க மாமா. நான் இன்னும் எடுக்கலியே. மறுபடி ரிப்பனை எறக்குங்க."

"தண்ணி கூடிப்போச்சு சாமி!"

"கூடட்டுமுங்க."

சரிதா மூழ்கினாள். மலர்விழியின் கூச்சலில் பாலத்துப் புறாக்கள் பறந்தன. மூன்று நிமிடம், நான்கு நிமிடம். பம்ப் ஹவுஸ் பக்கம் ஒரு தலை எழுந்தது. உயர்த்திய கையில் நீல ரிப்பன்.

அங்கமுத்து எழுதுவதை மறந்து விசிலடித்துக்கொண்டிருந்தார். மணி ஐந்தாக மூன்று நிமிடம் இருந்தபோது, பேனாவைத் திறந்து அவர் கையில் வைத்தவர் அமுதவல்லிதான்.