மூன்றாவது தட்டல்

அந்தத் தாளத்தில் யாருக்கும் கேட்காத அடிகள் மூன்று இருந்தன. காதுக்கு அகப்படவில்லை, கண்ணுக்குத்தான் பட்டன. திரையில் கிக், ஸ்நேர், ஹைஹாட் என்று டிரம்களின் பெயர் போட்ட வரிசைகளுக்கெல்லாம் கீழே, பெயரே இல்லாத ஒரு வரிசையில் அவை மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்து மறுபடி ஓடவிட்டாள். மற்ற டிரம்கள் ஒழுங்காக ஒலித்தன. அந்த மூன்று இடங்களில் மட்டும் ஒன்றுமில்லை.

படுக்கையறையை ஒட்டிய சின்ன அறை அது. ஜன்னலைப் பழைய மெத்தையால் அடைத்து, சுவரெங்கும் கம்பளி அடித்து, அவளும் கணவனும் ஒரு விடுமுறை முழுக்கப் பாடுபட்டு அதை இசையறை ஆக்கியிருந்தார்கள். நடுமதியத்திலும் விளக்கு போட்டால்தான் கை தெரியும். வெளியே பெய்யும் மழை உள்ளே கேட்காது, கம்பளியில் ஏறும் ஈர வாடையை வைத்துத்தான் மழை என்று தெரிந்துகொள்ள வேண்டும். கதவுக்கு வெளியே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது, தட்ட மட்டும் செய்யலாம் என்பது வீட்டுச் சட்டம். நாலு வயது மகள்தான் அந்தச் சட்டத்தின் ஒரே குடிமகள்.

குழந்தைகள் செருப்புக்கு ஒரு விளம்பர இசை. சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். "குழந்தை ஓடி வர்ற மாதிரி இருக்கணும் மேடம், மிஷின் அடிச்ச மாதிரி இருக்கக் கூடாது" என்று இயக்குநர் சொல்லிவிட்டார். காலையிலிருந்து அவள் மிடி தாளத் தொகுப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மிடி கோப்பில் சத்தம் கிடையாது. எங்கோ ஒரு டிரம்மர் எப்போது அடித்தார், எவ்வளவு பலமாக அடித்தார் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். எதை அடிப்பது என்பது வாங்குகிறவர் பாடு. கை அவருடையது, டிரம் நம்முடையது.

ஒரு தொகுப்பு ரொம்ப முரடு, இன்னொன்று தூங்குமூஞ்சி, மூன்றாவதற்குத் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டாமல் ஒரு நிமிடம் இருக்க முடியவில்லை. கடைசியில் காசு கொடுத்து வாங்கிய தொகுப்பை விட்டுவிட்டு, அதோடு இலவசமாக வந்த கோப்புறையில் கை வைத்தாள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன்? அதில்தான் இந்தத் தாளம் இருந்தது. கேட்டவுடன் பிடித்துப் போயிற்று. அடித்தவர் யாரோ, மனிதர் மாதிரி அடித்திருந்தார்.

கணவன் வேலையிடத்திலிருந்து அழைத்தான்.

"குட்டிக்கு எப்படி இருக்கு?"

"இன்னும் சுடுது. மருந்து குடுத்துட்டேன், தூங்குறா."

"நீ இன்னும் டிரம்மரைத் தேடிக்கிட்டு இருக்கியா? மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இவ்வளவு பேரை நீ வேண்டாம்னு சொல்லல."

"அப்பவே கொஞ்சம் தேடியிருக்கணும்" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

சிரிப்போடு திரும்பியவள் அந்தப் புள்ளிகளை உற்றுப் பார்த்தாள். இரண்டு அடி நெருக்கமாக, மூன்றாவது கொஞ்சம் பிந்தி. டக் டக்... டக். விரலால் மேசையில் தட்டிப் பார்த்தாள். அது குட்டியின் தட்டல். அவள் இப்படித்தான் கதவைத் தட்டுவாள். இரண்டு தட்டு தட்டிவிட்டு வேடிக்கை பார்க்கப் போய்விடும் மனசு, பிறகு நினைவு வந்து மூன்றாவது. ஒரு நாளாவது அது நேரத்துக்கு வந்ததில்லை.

தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஆசை விடவில்லை. போன மாதம் விளையாட்டுக்காக மகளின் தட்டலைப் பதிந்து வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு தட்டை வெட்டி எடுத்து, அந்தப் பெயரில்லாத வரிசைக்குச் சத்தமாகக் கொடுத்தாள். அடிகளின் பலம் வெறும் மூன்று. முழுப் பலம் என்றால் நூற்றிருபத்தேழு. கேட்கும் அளவுக்கு ஏற்றிவிட்டாள். டிரம்மோடு சேர்ந்து ஓடியபோது அந்த மூன்றாவது மட்டும் காலை இடறிற்று. அவள் மூன்றையும் தேர்ந்தெடுத்து, ஒரே பொத்தானில் திரையிலிருந்த தாளக் கோட்டுக்கு நேராக இழுத்தாள். நாள் முழுக்கச் செய்கிற வேலை. டக் டக் டக். பிசிறில்லை. சேமித்தாள்.

கதவு தட்டப்பட்டது.

பாட்டுக்குள்தான் கேட்கிறது என்று நினைத்தாள். பாட்டை நிறுத்தினாள். மறுபடியும்: டக் டக் டக்.

தாழ்ப்பாளை நீக்கினாள். குட்டி நின்றாள், தூங்கி எழுந்த தலையோடு. அவளுக்குப் பின்னால் கூடம் இருட்டிக் கிடந்தது, மழை இருட்டு.

"எழுந்துட்டியா தங்கம்?"

குழந்தை தலையாட்டிற்று. அள்ளி இடுப்பில் வைத்தவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உடம்பு சில்லென்றிருந்தது. "காய்ச்சல் விட்டிடுச்சே!" என்று நெற்றியில் முத்தமிட்டாள். கதவைத் தாழிட்டு, மடியில் உட்கார்த்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். குட்டி எப்போதும் மடியில் ஏறினால் பொத்தான்களை அமுக்குவாள், எலி எங்கே என்று மவுஸைப் பிடுங்குவாள். இன்று பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் களைப்பு.

திரையில் ஏதோ சரியில்லை.

கோட்டுக்கு இழுத்த மூன்றாவது புள்ளி கோட்டில் இல்லை. பிந்தி நின்றது. அதற்கு அடுத்து இன்னொரு மூன்று. பிறகு இன்னொரு மூன்று. அவள் போடவில்லை. பாட்டும் ஓடவில்லை. ஆனாலும் புதிய புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. பலம் தொண்ணூறு. தொண்ணூற்றெட்டு. நூற்றுப்பத்து.

ஹெட்போனைக் கழற்றினாள்.

கம்பளியையும் பலகையையும் தாண்டி, கதவின் கீழ்ப்பாதியிலிருந்து கேட்டது.

டக் டக்... டக்.



"யாரு?" என்றாள்.

டக் டக்... டக்.

"தொறக்காதம்மா" என்றது மடியிலிருந்த குழந்தை. "சிவப்பு லைட் எரியுது."

குட்டியின் குரல்தான். ஒரு பிசிறில்லை.

"குட்டி, அம்மாவுக்கு ஒரு தடவ தட்டிக் காட்டு. மேசைல."

சின்னக் கை நீண்டது. டக் டக் டக்.

"இன்னொரு தடவ."

டக் டக் டக்.

"இன்னொரு தடவடா கண்ணு..." அழுகை வந்துவிட்டது அவளுக்கு.

டக் டக் டக். மூன்றும் கோட்டில். மூன்றும் ஒரே பலம்.

மவுஸைப் பிடித்தாள். செய்ததைத் திரும்பப் பெறும் பொத்தானை அமுக்கினாள். அமுக்கினாள். அது சாம்பல் நிறத்தில் கிடந்தது. திரும்பப் பெற ஒன்றுமில்லை.

கதவில் தட்டல் இறங்கியிருந்தது. திரையில் அறுபது. நாற்பது. கூடவே ஏதோ ஒரு முனகல். சுடுகிறபோது குட்டி முனகுவாளே, அது.

அவள் எழுந்தாள். மடியில் இருந்தது கழுத்தைக் கட்டிக்கொண்டு கூடவே எழுந்தது. இறக்கிவிடப் பார்த்தாள். இறங்கவில்லை. அப்படியே சுமந்துகொண்டு கதவுக்குப் போனாள். பலகையோடு காலை ஒட்டி நின்றாள். கதவின் அடியில், பலகைக்கு அந்தப் பக்கம், தட்டுவது முழங்காலில் தெரிந்தது. சின்ன முஷ்டி. சூடான முஷ்டி என்று அவளுக்குத் தோன்றியது.

"வந்துட்டேன் தங்கம். அம்மா வந்துட்டேன்."

தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

அதன் மேல் இன்னொரு கை வந்து உட்கார்ந்தது. சின்னக் கை. சில்லென்ற கை. அவள் தன் பலம் முழுவதையும் போட்டு இழுத்தாள். தாழ்ப்பாள் அசையவில்லை. சின்ன விரல்கள் ஒன்றுகூட வெளுக்கவில்லை.

டக் டக்...

மூன்றாவதற்குக் காத்திருந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். குட்டி எப்போதும் பிந்துவாள். வரும். வேடிக்கை பார்க்கிறாள். இப்போது வரும்.

அறை சின்னது. கதவருகிலிருந்தே திரை தெரிந்தது. பெயரில்லாத வரிசையில் கடைசிப் புள்ளிகள் இரண்டு. பலம் மூன்று. அதற்கு அப்பால், கொஞ்சம் பிந்தி, பலம் சுழியம் என்று ஒரு புள்ளி. மிடியில் சுழியத்துக்கு ஒரே அர்த்தம்தான். அடித்தவர் கையை எடுத்துவிட்டார்.

அவளுடைய தோளெலும்பின் மேல் சின்ன விரல் மடங்கி, மெதுவாக, மிகச் சரியாகத் தட்டியது.

டக் டக் டக்.