எட்டுத் தாழி ஆணை

மேற்கு வானத்தில் செந்நிறக் குழம்பைக் கொட்டிவிட்டுக் கதிரவன் மலைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தான். இரண்டு ஆண்டுகளாக மழை பொய்த்திருந்தபடியால், கரைபுரண்டு ஓட வேண்டிய காரியாறு தன் அகலத்தில் பாதியை மணலுக்கு விட்டுக்கொடுத்து மெலிந்து நகர்ந்தது. எதிர்க்கரையில் பகைநாடான குன்றநாட்டின் கோட்டை மதில் கருநிழலாய் எழுந்து நின்றது. இக்கரையில், மருதநாட்டின் எல்லையூராகிய நீலத்துறையில், மூங்கில் கொடிகளில் உலர்ந்த நீலத்துகில்கள் அந்திக் காற்றில் அலையலையாய்ப் படபடத்தன. அந்த எழிலை நின்று பார்க்க, அன்பு வாசகர்களே, நமக்கு அவகாசமில்லை. ஏனெனில் அத்துகில்களைக் கிழித்துக்கொண்டு ஒரு யானை வந்துகொண்டிருந்தது.

யானைக்கு முன்னால் குதிரையில் வந்தவன் சுங்கத்தலைவன் கண்டன் பேரையன். பின்னால் வேலும் வில்லும் ஏந்திய பதினைந்து வீரர்கள். இரண்டு நாட்களில் நீலத்துறையின் முப்பத்தைந்து சாயப் பட்டறைகளை அந்த யானை துவைத்து முடித்திருந்தது. எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. அதன் வாசலில், நீலத்தாழியைக் கலக்கும் நீண்ட கழியைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். அவள் பெயர் உமைநங்கை. தந்தை மறைந்த இருபதாம் வயதிலிருந்து, நான்கு ஆண்டுகளாக, மூன்று தாழிகளையும் இரண்டு வேலைப் பெண்களையும் வைத்துக்கொண்டு அந்தப் பட்டறையை நடத்தி வருபவள்.

“விலகி நில், பெண்ணே!” என்றான் பேரையன். “அரசாணை தெரியுமல்லவா? எட்டுத் தாழிகளுக்குக் குறைந்த பட்டறைக்கு முத்திரை இல்லை. முத்திரை இல்லாத பட்டறையில் சாயம் நனைக்கலாகாது.”

“தெரியும். காரணமும் கேள்விப்பட்டேன். எங்கள் சாயக் கழிவால் ஆற்று நீர் கெட்டு, கீழே பாசறையில் வீரர்கள் நோயுற்றார்களாம். நாங்களும் எங்கள் பிள்ளைகளும் இந்தத் தண்ணீரைத்தான் ஐயா குடிக்கிறோம்! போகட்டும், தலைநகரத்துப் பெருவணிகர் நால்வர் இதே ஆற்றின் மேற்பகுதியில் அறுபது தாழிகள் வைத்திருக்கிறார்களே, அந்தக் கழிவு எங்கே போகிறது?”

“அவர்களிடம் முத்திரை இருக்கிறது.”

“அப்படியானால் முத்திரை வைத்த அழுக்கை வீரர்கள் குடிக்கலாமோ?”

வீரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். பேரையனின் முகம் சிவந்தது. “பாகா, யானையை விடு!” என்று கத்தினான்.

முதல் தாழி உடைந்தபோது எழுந்த ஓசை ஆற்றின் மறுகரை வரை கேட்டிருக்கும். மழையில்லாத காலத்தில் அவுரி இலை கிடைப்பதே அரிது. கீழைத் துறைமுகம் போரினால் மூடிக்கிடந்தபடியால் பருத்தித் துணியும் அருகிப் போயிருந்தது. எங்கெங்கோ அலைந்து வாங்கிய இலையை ஊறவைத்து, சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்து, பன்னிரண்டு நாள் கண்விழித்துப் பக்குவப்படுத்திய நீலம் மண்ணில் ஓடியது. இரண்டாம் தாழியும் விழுந்தது. உமைநங்கை கழியை ஓங்கிக்கொண்டு மூன்றாம் தாழியின் முன் பாய்ந்தாள். இரண்டு வீரர்கள் அவள் தோளைப் பற்றினார்கள்.

“அவளைத் தொடாதீர்கள்!”

அந்தக் குரலுக்குரியவன் துகில்களின் மறைவிலிருந்து வாளோடு வெளிப்பட்டான். அவன் பெயர் வீரட்டன் என்றும், தலைநகரத்துத் துணி வணிகன் என்றும் ஊரில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். ஆறு நாட்களுக்கு முன் வந்து சத்திரத்தில் தங்கியவன், துணி பார்க்கும் சாக்கில் தினமும் உமைநங்கையின் பட்டறைக்கு வந்தான். தாழியில் மூழ்கி எழும் துணி முதலில் பச்சையாயிருந்து, காற்றுப் பட்டதும் நீலமாய் மாறுவதைக் குழந்தையைப் போல் வியந்து பார்த்தான். அப்படி அவன் வியந்த ஒரு மாலையில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவன் அதைப் புரிந்துகொண்டான் என்பதைக் கண்டு, அவள் அன்றிரவு உறங்கவில்லை.

நொடிப்பொழுதில் இரண்டு வீரர்களின் வேல்கள் தரையில் கிடந்தன. பேரையன் குதிரையிலிருந்து குதித்து வாளை வீசினான். நாலைந்து வீச்சுகள் மின்னலாய்ப் பளிச்சிட்டு மோதின. வீரட்டன் ஒருபுறம் ஒதுங்கி மணிக்கட்டைத் திருப்பினான். பேரையனின் வாள் தெறித்துச் சேற்று நீலத்தில் விழுந்தது. அந்தப் போரில் வீரட்டனின் தலைப்பாகையும் அவிழ்ந்து தோளில் சரிந்தது.

பேரையன் அவன் முகத்தை உற்று நோக்கினான். மறுகணம் முழந்தாளிட்டான்.

“ஓலைநாயகரே! தாங்களா? தெரியாமல் வாளை ஓங்கிவிட்டேன். பொறுத்தருள வேண்டும்!”

ஆம் வாசகர்களே, அங்கே நின்றவன் வணிகன் வீரட்டனல்லன். மருதநாட்டு மன்னரின் ஆணைகளை எல்லாம் எழுதி முத்திரைக்கு அனுப்பும் தலைமை ஓலைநாயகர், விழுப்பரையர்.

உமைநங்கையின் தோளை வீரர்கள் விட்டுவிட்டார்கள். ஆனாலும் அவள் அசையவில்லை.

“எட்டு என்று எழுதியது யார்?” என்று மெல்லக் கேட்டாள்.

“நான்தான்.”

“ஏன் எட்டு? ஏன் மூன்று இல்லை?”

விழுப்பரையர் தலைகுனிந்தார். “பட்டறைகள் சிலவாக இருந்தால் கண்காணிப்பது எளிது என்று நினைத்தேன். இங்கே மூன்று தாழியில் ஒரு குடும்பம் வாழ்கிறது என்பது எனக்குத் தெரியாது.”

“தெரியாதா? தங்களுக்கு மூன்று விண்ணப்பங்கள் அனுப்பினேனே! அவற்றுக்குப் பதில் வரும் என்று சொல்லித்தானே இந்த ஊரையே காத்திருக்கச் செய்தேன்!”

“மூன்றாவது ஓலையைப் படித்தவுடன் புறப்பட்டு வந்துவிட்டேன், உமைநங்கை.”

“முதல் இரண்டையும்?”

“பிரித்துப் பார்க்கவில்லை.”

“வந்த பிறகாவது வாயைத் திறந்திருக்கலாமே! இரண்டு நாளாக யானை வீடு வீடாகப் போனபோது எங்கே இருந்தீர்?”

“பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணை எப்படி நிறைவேற்றப்படுகிறது என்பதை முழுவதும் கண்டு எழுதினால்தான் அரசவை நம்பும். பெருவணிகர் நால்வருக்கும் அங்கே செல்வாக்கு அதிகம்.”

“நன்றாகத் தெரிந்ததா? முப்பத்தைந்து வீடுகளும் தெளிவாகத் தெரிந்தனவா? என் வீடு வந்த பிறகுதான் உமது வாள் உறையை விட்டு வந்ததா?”

“உமது பட்டறைக்கு இப்போதே தனி விலக்கு எழுதித் தருகிறேன்” என்றார் விழுப்பரையர். “அந்த அளவுக்கு எனக்கு அதிகாரம் உண்டு.”

அந்தச் சொற்களை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். உமைநங்கை பாய்ந்து அவருடைய வலக்கையைப் பற்றினாள். எஞ்சியிருந்த தாழிக்குள் முழங்கை வரை அமிழ்த்தினாள். வீரர்கள் வேலோடு முன்வந்தார்கள். அவரோ இடக்கையால் அவர்களைத் தடுத்தார். கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

அவள் விட்டபோது கை பச்சையாய் வெளிவந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாயிற்று.

“பல நாள் போகாது” என்றாள். “அரசவையில் யாரேனும் கேட்டால், எண்ணிப் பார்க்காமல் எழுதிய கை என்று சொல்லும்.”

சொல்லிவிட்டுத் தன் கழியாலேயே அந்தக் கடைசித் தாழியை ஓங்கி அடித்து உடைத்தாள்.

துறையில் பன்னிரண்டு படகுகள் காத்திருந்தன. தொழில் இழந்த முப்பத்தைந்து குடும்பங்களும் ஏற்கெனவே மூட்டை கட்டிவிட்டன. உமைநங்கையின் சொல்லுக்காகவே தங்கியிருந்தன. இரண்டு வேலைப் பெண்களையும் கைப்பிடித்து அவள் இறங்கி வந்ததைக் கண்டதும் படகுகளின் கட்டை அவிழ்த்தார்கள். படகுகள் நீரில் நழுவின. கீழ்வானில் நிலவு எழுந்து, குன்றநாட்டுக் கோட்டை மதிலின் மேல் வெளிச்சம் பூசத் தொடங்கியது.

முதல் படகில் எழுந்து நின்று, கரையில் நின்றவர்கள் அனைவருக்கும் கேட்கும்படி அவள் முழங்கினாள்:

“ஓலைநாயகரே, கேளும்! அந்த எட்டை எழுதிய கை, இதே துறையில், இதே மக்கள் முன்னிலையில், அதை அடித்து எழுதும் நாள் வரை மருதநாட்டு மண்ணை நான் மிதிக்க மாட்டேன். மருதநாட்டுக் கொடிக்கு ஒரு முழத் துணியும் நனைத்துத் தர மாட்டேன். இது காரியாற்றின் மேல் ஆணை!”

பேரையன் பதறினான். “சுவாமி, கைத்தொழிலாளர் பகைநாட்டுக்குள் போவதை நாம் அனுமதிக்கலாகாது! வில்லாளிகள் ஆயத்தமாயிருக்கிறார்கள். ஒரு சொல் சொல்லுங்கள்!”

“வில்லைத் தாழ்த்தச் சொல்” என்றார் விழுப்பரையர்.

“இது ராஜத்துரோகம்!”

“ஆம். இன்றைய நிகழ்ச்சியை ஓலையில் எழுது, பேரையா. முப்பத்தாறு குடும்பங்கள் எல்லை கடந்தன, தடுக்க வேண்டாம் என்று உத்தரவிட்டவர் விழுப்பரையர் என்று என் பெயரைத் தெளிவாக எழுது. அந்த ஓலையையும் என்னையும் சேர்த்தே தலைநகரத்துக்குக் கொண்டுபோ. அரசருக்கு முன் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.”

தண்ணீரின் மேல் அந்தச் சொற்கள் தெளிவாகவே வந்தன. உமைநங்கையின் கையிலிருந்த துடுப்பு அந்தரத்தில் நின்றது. அவளுக்கு எதிரே அமர்ந்திருந்த அண்டை வீட்டுச் சாத்தி, நிலவொளியில் அவள் கண்களைப் பார்த்தாள்.

“நங்கை, அந்த மனிதரைக் கழுவில் ஏற்றினாலும் ஏற்றிவிடுவார்கள். படகைத் திருப்பட்டுமா?”

உமைநங்கை கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“முதல் இரண்டு ஓலைகளை அவர் படித்திருந்தால் திருப்பச் சொல்லியிருப்பேன், அக்கா” என்றாள். “வலியுங்கள்.”