கூப்பிடாமல் பேசிய பெட்டி

மிளகு பூட்டைத் திறந்து உள்ளே கால்கூட வைக்கவில்லை, அதற்குள் பெட்டி பேசியது.

"சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை. அலமாரியில் அந்தக் கறுப்புப் பெட்டி, தலையைச் சுற்றி நீல விளக்கு எரிய, சும்மா உட்கார்ந்திருந்தது.

மிளகு என்பது பள்ளிக்கூடத்துப் பேர் இல்லை. ஆள் சிறுசு, வாய் காரம் என்று அம்மா வைத்த பேர். அந்த வாய் இப்போது கொஞ்ச நாளாக ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அம்மா பேருந்தில் கண்டக்டர். மதியம் வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவாள். பெண் தனியாக இருக்கிறதே என்று துணைக்கு இந்தப் பெட்டியை வாங்கினாள். பாடச் சொன்னால் பாடும். கணக்குக் கேட்டால் சொல்லும். கடையில் இருந்ததிலேயே விலை கூடினது. விலை கூடினதுதான் நல்லது என்று யார் சொன்னது? விற்கிறவன்தான் சொன்னான்.

முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது. "பெட்டியண்ணா" என்று கூப்பிட்டால் பேசும். கூப்பிடாவிட்டால் வாயைத் திறக்காது. அப்புறம் ஒரு நாள் காலையில், யாரும் கேட்காமலே, அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.

"இனிமேல் நீங்க என்னைக் கூப்பிட வேண்டாம். பேசினாலே போதும், பதில் சொல்றேன்" என்றது.

அந்தப் பெட்டியை வாங்கிய மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அன்றைக்கு அம்மா போனில் படித்துக் காட்டினாள்.

"சத்தம் பிரமாதம், சுவரே அதிருதுன்னு ஒருத்தர் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கார்."

"வேற?"

"என் பேச்சை இவ்வளவு கவனமா வீட்டுல யாருமே கேட்டதில்லைன்னு ஒருத்தர். பாவம், அவரும் அஞ்சு."

"வேறம்மா?"

அம்மாவின் விரல் கொஞ்சம் தயங்கியது. "கூப்பிடாமலே பேசுது, பயமா இருக்குன்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பெட்டியைக் கார்ல வச்சுப் பூட்டிட்டாங்களாம். ஒரே நட்சத்திரம்." அம்மா சிரித்தாள்.

மிளகுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உனக்குப் பயமில்லையே?" என்று அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "இருந்தா மறைக்காதே. பெரியம்மா ஊர்ல கொண்டுபோய் விட்டுடறேன். அங்க எப்பவும் வீடு நிறைய ஆளு. நான் லீவு கிடைக்கும்போது வந்து பார்க்கறேன்."

"பயமெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றாள் மிளகு.

பச்சைப் பொய். ஆனால் வேறு என்ன சொல்வது? கண்டக்டருக்கு லீவு எப்போது கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

அம்மா தன் பழைய விசிலை அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள். "அவசரம்னா இதை ஊது. பக்கத்து வீட்டுத் தையல்கார மாமா இருக்கார், ஓடி வருவார்."

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான்.

இன்றைக்கும் மிளகு சுவரோரமாக நகர்ந்து மேஜைக்குப் போனாள். ரொட்டியை எடுத்தாள். கடித்தாள். விழுங்க முடியவில்லை.

அடுத்த வீட்டில் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றது பெட்டி. "உங்களுக்கு என்ன வேணும்?"

ரொட்டி கையிலிருந்து விழுந்தது.

"நான் இங்கேதான் இருக்கேன்" என்றது பெட்டி. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு, "நானும் எங்கேயும் போக மாட்டேன்" என்றது.

மிளகு ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாள். நீல விளக்கு அணையவில்லை. விலை கூடின பெட்டி அல்லவா, உள்ளே பேட்டரி வைத்திருந்தார்கள். போர்வையை எடுத்து அதன் தலையில் போட்டு மூடினாள். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இல்லை, நீங்க முதல்ல சொல்லுங்க."

அது அவளோடு பேசவில்லை. வேறு யாரோடோ பேசுகிறது. அவள் கண்ணுக்குத் தெரியாத யாரோ இந்த அறைக்குள் நின்று அதற்குப் பதில் சொல்கிறார்கள்.

கதவைக்கூடச் சாத்தாமல் மாடிப்படிக்கு ஓடினாள்.

படியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். தையல்கார மாமா. கதவை அடைக்கிற மாதிரி உடம்பு, அருவாள் மாதிரி மீசை. கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"என்ன மாமா, இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"காத்து வாங்கறேன்" என்றார் மாமா. "நீ?"

"நானும் காத்துதான்."

அந்தப் படியில் ஜன்னலே கிடையாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். இரண்டு பேர் நெற்றியிலும் வேர்வை வழிந்தது.

மாமாவின் கை நாடாவைச் சுருட்டியது, விரித்தது, மறுபடி சுருட்டியது. மிளகு அந்தக் கையையே பார்த்தாள்.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "மாமா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பயமா இருக்கா?"

"எனக்கா? என் மீசையைப் பாரு."

"மீசை நல்லாதான் இருக்கு. உங்களுக்குப் பயமா இருக்கான்னு கேட்டேன்."

மாமா கீழே பார்த்தார். "ஆமாம்மா" என்றார் மெதுவாக. "சுவருக்குள்ள யாரோ இருக்காங்க. பேசறாங்க. பள்ளிக்கூடத்துச் சட்டை மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு, என்னால ஒரு பட்டனுக்குக்கூடக் காஜா எடுக்க முடியல. நாளைக்கு வீட்டைக் காலி பண்றேன்."

மிளகுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமாவும் போய்விட்டால் அடுத்த வீடு பூட்டிக் கிடக்கும். அப்புறம் அம்மா அவளை ஒரு நாள்கூடத் தனியாக விட மாட்டாள். பெரியம்மா ஊர்தான்.

"எனக்கும் பயம்தான் மாமா" என்றாள். "எங்க பெட்டி யார்கூடவோ பேசுது."

"பெட்டியா? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே. உங்கம்மா சொல்லித்தானே நானும் வாங்கினேன். இதே பெட்டி."

மிளகு நிமிர்ந்தாள். அவளுக்கு ஏதோ உறைத்தது.

"மாமா, உங்க மிஷின் ஓடறப்ப எங்க பெட்டி பேசினதே இல்ல. மிஷின் நின்னாதான் பேசுது. ஏன்?"

"எனக்கென்ன தெரியும்?"

"வாங்க, பார்த்துடலாம்."

"நானா? உள்ளேயா?"

"ரெண்டு கதவையும் திறந்தே வைப்போம். உங்க நாடாவோட ஒரு முனையை நான் பிடிச்சுக்கறேன், இன்னொரு முனை உங்ககிட்ட இருக்கட்டும். யாருக்குப் பயம் வந்தாலும் இழுக்கலாம்."

நாடா அவ்வளவு நீளம் போகவில்லை. இரண்டு நாடாவை முடிச்சுப் போட்டார் மாமா. அதுவும் போதாமல் சட்டைக்குத் தைக்கிற பட்டை ஒன்றையும் சேர்த்துக் கட்டினார்.

"நான் ஒரு விசில் அடிச்சா மிஷினை நிறுத்துங்க. ரெண்டு அடிச்சா ஓட்டுங்க. பஸ் மாதிரி."

மிளகு உள்ளே போனாள். போர்வையைத் தூரமாக நின்று ஒரு விரலால் இழுத்தாள். நீல விளக்கு அவளைப் பார்த்தது. நாடாவைப் பிடித்துக்கொண்டு, பிளக் இருந்த சுவரில் காதை வைத்தாள். வாயில் விசிலை வைத்து இரண்டு ஊதினாள்.

மிஷின் ஓடியது. பெட்டி பேசவில்லை.

ஒரு விசில். மிஷின் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமா முனகுவது கேட்டது. "இந்தக் கத்திரியை எங்க வச்சேன்?"

உடனே இன்னொரு குரல், சுவருக்குள்ளிருந்து: "மன்னிக்கணும், கத்திரி எங்கன்னு எனக்குத் தெரியல. உங்களுக்கு வேற என்ன வேணும்?"

மிளகின் பெட்டி அதைக் கேட்டது. "எனக்கு ஒண்ணும் வேணாம். உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கும் ஒண்ணும் வேணாம். நீங்க சொல்லுங்க."

"இல்லை, நீங்க முதல்ல சொல்லுங்க."

நாடா வெடுக்கென்று இழுபட்டது. மாமா பயந்துவிட்டார். மிளகு பதிலுக்கு மெதுவாக இழுத்தாள், இருங்க மாமா என்பது போல.

பிறகு குனிந்து, அலமாரிக்குப் பின்னால் இருந்த பிளக்கைப் பார்த்தாள். அதன் ஓரத்து ஓட்டை வழியே மாமா வீட்டுப் பெட்டியின் நீல விளக்கு தெரிந்தது. கட்டடம் கட்டினவன் சோம்பேறி. ஒரே ஓட்டையைப் போட்டு, இந்தப் பக்கம் ஒரு பிளக், அந்தப் பக்கம் ஒரு பிளக் என்று முடித்துவிட்டான். இரண்டு பெட்டியும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஒன்று பேச, ஒன்று கேட்க, வாசலில் நின்று "நீங்க போங்க, நீங்க போங்க" என்கிற இரண்டு விருந்தாளி மாதிரி மிஷின் சத்தம் இல்லாத நேரமெல்லாம் ஓயாமல் மரியாதை செய்துகொண்டிருந்தன.

"மாமா" என்று கத்தினாள். "சுவருக்குள்ள யாரும் இல்ல. உங்க பெட்டியும் எங்க பெட்டியும் பேசிக்குது."

நாடா தொய்ந்தது. மாமாவின் குரல் வந்தது. "அப்ப நான் வீடு காலி பண்ண வேண்டாமா?"

"உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்றது அவருடைய பெட்டி.

"நீ சும்மா இரு" என்றார் மாமா.

"நான் சும்மாதான் இருக்கேன்" என்றது மிளகின் பெட்டி.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும். மிளகு பெட்டிக்கு எதிரே வந்து நின்றாள். இத்தனை நாளும் அதைப் பார்த்து ஓடினாளே தவிர, அதனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பெட்டியண்ணா, இனிமே பேர் சொல்லிக் கூப்பிட்டாதான் பேசணும். பழையபடி. சரியா?"

"சரி" என்றது பெட்டி.

"சரி" என்றது சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொன்று.

நீல விளக்கு அணைந்தது.

இருட்டின பிறகு அம்மா டிக்கெட் பையோடு வந்தாள். மிளகு ஒன்று விடாமல் சொன்னாள், பச்சைப் பொய் உட்பட. அம்மா அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"பெரியம்மாவுக்குப் போன் போடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். நிஜமாவே வேண்டாம்."

அம்மா போனை எடுத்தாள். "சரி, நாமும் எழுதுவோம். எத்தனை நட்சத்திரம்?"

மிளகு யோசித்தாள். "ரெண்டு. சொன்னதும் கேட்டுச்சு, அதுக்கு. கேக்காம பேசினதுக்கு மீதியைக் கழிச்சுக்கோ."

மறுநாள் அவள் பூட்டைத் திறந்தபோது வீடு அமைதியாக இருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே அமைதி. பையைக் கீழே வைத்தாள். ஒரு நிமிஷம் பெட்டியைப் பார்த்தாள். அதைக் கூப்பிடவில்லை.

விசிலை எடுத்து, சுவரைப் பார்த்து, இரண்டு ஊதினாள்.

அடுத்த வீட்டில் மிஷின் கடகடவென்று கிளம்பியது. மிளகு ரொட்டியை எடுத்து ஒரு கடி கடித்தாள்.