டைப் வகுப்புக்குள் ஒரு வெங்காய மூட்டை

முதலில் அவள் பார்த்தது அவன் கால்களைத்தான்.

நிலவறையின் சாளரம் தெருமட்டத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் தூத்துக்குடியே வெறும் கால்களும் சைக்கிள் சக்கரங்களும்தான்... அன்று அடைமழை. வேட்டியை மடித்துக் கட்டிய இரண்டு கால்கள் சாளரத்தருகே நின்றன. பிறகு படியிறங்கி வந்தன. தோளில் வெங்காய மூட்டை. மூட்டைக்குக் கீழே மழை சொட்டும் முகம்... அதில் மழையே படாதது போல் இரண்டு கண்கள்.

மூட்டையைச் சுவரோரம் இறக்கி, அதன் முன் சூடம் கொளுத்திக் கும்பிட்ட பிறகுதான் அவன் திரும்பினான். மேசைகளில் டைப்ரைட்டர்கள். நடுவே கைகட்டி நின்றாள் கிளாடிஸ்.

"கும்பிட்டாச்சா? இப்ப தூக்கிட்டுப் போங்க."

"நான் வீட்டுக்காரர் பிச்சையா மவன், செந்தில்வேல்."

"நான் இங்க குடியிருக்க தோணி ஓட்டுற தண்டல் மனுவேல் மவ, கிளாடிஸ். வாடகைக்கு விடும்போது உங்கப்பா என்ன சொன்னாக? கீழ சும்மாதான் கெடக்கு, பூனைதான் குட்டி போடுது, என்ன வேணும்னாலும் செஞ்சுக்கிடுங்கன்னாக. செஞ்சுக்கிட்டோம்."

"இப்ப கொழும்புக்கு மறுபடியும் வெங்காயம் போவுது. தோணி சீசன்ல முதல் மூட்டை எறங்குன எடத்துல வேற எதுவும் இருக்கக் கூடாது. எங்க குடும்ப வழக்கம்."

"அப்ப எங்கன எறக்குதோம்னு பாத்துல்லா எறக்கியிருக்கணும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது... அடக்கிக்கொண்டான். சிரித்தால் இவன் கன்னத்தில் குழி விழும் போலிருக்கிறதே... சே, இதையெல்லாம் யார் பார்க்கச் சொன்னது?

அவளுக்கு இது விளையாட்டில்லை. கிறிஸ்துமஸ் வரை வகுப்பை நடத்திக் காட்டினால் அவள் இஷ்டம். நின்றுபோனால் பம்பாய்க் கப்பல்கார மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அம்மாவோடு அதுதான் பேச்சு. இந்த அறை போனால் வகுப்பும் போச்சு.

சேலையை இழுத்துச் செருகினாள். மூட்டையைப் பிடித்துப் படியில் இழுத்தாள்.

"ஏளா, இடுப்பு ஒடிஞ்சிரும்."

"ஏளா கீளான்னா நடக்கிறதே வேற. கிளாடிஸ் டீச்சர்."

"சரிங்க டீச்சர்... அந்தப் பக்கம் நான் பிடிக்கட்டுமா?"

நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் கேலி இல்லை...

"எதுக்கு?"

"சொன்னது எங்கப்பால்லா. சொன்னா சொன்னதுதான."

இருவருமாகத் தூக்கித் தெருவுக்கு வந்தபோது, குடைக்குக் கீழே பிச்சையா நின்றிருந்தார்.

"ஏலே, முதல் மூட்டைய எவன்லே வெளிய எடுத்தது?"

கிளாடிஸ் வாயைத் திறப்பதற்குள், "நான்தாம்பா," என்றான் அவன்.

"ஒரு டைப் மிசினுக்காக சீசனோட ராசியவே கெடுக்கியா?"

"மிசினுக்காக இல்லப்பா."

பிச்சையா மகனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்.

"வேதக்காரப் பிள்ளைலே..."

"தெரியும்."

"எம்புட்டு நாளாலே பழக்கம்?"

"மூட்டைய எறக்குனதுல இருந்து."

கிளாடிஸுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஆனாலும் வாசலை மறித்து நின்றாள். "ரூம விட மாட்டேன் அண்ணாச்சி. நாளைக்கும் கிளாஸ் நடக்கும். நீங்க சொன்ன சொல்லுதான்."

அவர் குடைக்கம்பியை முறைத்தார்.

"மூட்டைய வண்டில ஏத்து," என்றார் மகனிடம். "ரூம் அவுகளுக்கே இருந்துட்டுப் போவட்டும். ஆனா ஒண்ணு. இத்தோட இவ யாரோ, நீ யாரோ. நடலே."

செந்தில்வேல் மூட்டையை ஏற்றினான். கைவண்டி நகர்ந்தது, கூடவே பிச்சையாவின் குடையும்... அவன் நனைந்த முதுகு தூரமாகிக்கொண்டே போனது. கேட்டது கிடைத்துவிட்டது. பிறகும் ஏன் கால் உள்ளே போக மறுக்கிறது?

கிளாடிஸ் மழையில் இறங்கினாள்.

"அண்ணாச்சி, நில்லுங்க."

வண்டி நின்றது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. திறக்கட்டும்.

"இவுகள எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்," என்றாள். கண் செந்தில்வேல் மேல்தான். "நாளைக்கும் தெரியணும்னு இருக்கு."