தரை சேமித்த நடை

அறுவைக்குப் பிறகு பன்னிரண்டாம் நாளும் சென்னியப்பனின் இடது கால் அவரைச் சாப்பாட்டு மேசையில் உட்கார விடவில்லை. எண்பத்தொரு வயதுக்காரர் நாற்காலியை இழுத்தார். கால் அதைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் போனது.

“உக்காருங்கப்பா,” என்றாள் மகள் யாழினி.

“நானென்ன மாட்டேங்கறனா? காலுகிட்டச் சொல்லு.”

“சோறு நீங்க இருக்கற இடத்துக்கே வரும்னு அம்பது வருஷம் உக்காந்திருந்தீங்க. இப்பச் சட்டிய எட்டிப் பாக்கறீங்க.”

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவருடைய இடது தொடையெலும்பு மேல்முனையில் உடைந்திருந்தது. அந்த வயதில் எலும்பு உடைவதைவிடப் படுத்துக் கிடப்பதுதான் கொல்லும்: நுரையீரலில் சளி தேங்கும், இரத்தம் உறையும், முதுகு புண்ணாகும். அதற்காகத்தான் நடைத்தண்டு வந்தது. எலும்புக்குள் செருகும் அந்த உலோகக் கம்பி முறிவைப் பிடித்துக்கொள்ளும். தசைகளைத் தூண்டி மறுநாளே நடக்கவும் வைக்கும். எப்படி நடப்பது என்பதை மட்டும் அதற்குக் கற்றுத்தர வேண்டும். அதைத் தரை செய்தது. வீட்டுக்கு வீடு பதித்திருந்த காலறி ஓடுகள் ஒவ்வொருவர் அடியையும் வருடக்கணக்கில் சேமித்திருந்தன.

சென்னியப்பனுக்குச் சேமிப்பு இல்லை. பகலெல்லாம் நூல் கடை, வீட்டில் நாற்காலி. தண்ணீர்கூட அவரைத் தேடி வந்தது. அறுவைக்கு முன் வந்த படிவம், ‘பதிவு போதாது, இதே வீட்டில் நிறைந்துள்ள வேறு நடையை ஏற்கலாமா’ என்று கேட்டது. யாழினி அவசரத்தில் சம்மதம் கொடுத்தாள். அது மூன்றாண்டுகளுக்கு முன் இறந்துபோன அம்மா பூங்கொடியின் நடை.

விடிந்ததும் கால் அவரை வாசலுக்குக் கூட்டிப்போய்க் கோலம் போடும் இடத்தில் நிறுத்தியது. சாப்பாட்டு நேரத்தில் அடுப்புக்கும் மேசைக்கும் நடத்தியது. மூன்று மணிக்குத்தான், சமையலறைச் சுவரோரத்து ஸ்டூலில், மடங்கி உட்கார வைத்தது. பூங்கொடி அங்கேதான் சாப்பிடுவாள் என்பது யாழினிக்குத் தெரியும். அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

மருத்துவர் இர்பான் காலடிப் பதிவைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தார். “இந்த நடைக்குச் சொந்தக்காரங்களுக்கு வலது தொடையெலும்புல விரிசல் இருந்திருக்கு. பாரத்த இடப்பக்கமே போட்டு நடந்திருக்காங்க. நாலு வருஷம்.”

“அம்மா கால் வலின்னு சொன்னதே இல்லீங்களே.”

“தரை சொல்லியிருக்கும். எச்சரிக்கை குடும்பத்தலைவர் போனுக்குத்தான் போகும்.” திரையை நகர்த்தினார். “முந்நூத்திப் பதினேழு தடவை.”

சென்னியப்பன் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷங்களில் அவர் சாப்பிடும்போது போன் ஒலிக்கும். உள்ளேயிருந்து பூங்கொடி, “யாருங்க?” என்பாள். “ஒண்ணுமில்ல. ரசத்தக் கொண்டா.”

“இந்த நடைய அழிச்சிட்டு வேற போடுங்க,” என்றாள் யாழினி.

“போடலாம். ஆனா மறுபடி அறுத்துக் கம்பிய மாத்தணும், மூணு மாசம் படுக்கையில இருக்கணும். எந்திரிப்பாருன்னு என்னால சொல்ல முடியாது.”

“இப்படியே விட்டா?”

“ஒட்டுற எலும்பு மேல பாரம் கூடும். தாங்கலாம், தாங்காமலும் போகலாம். இனி எச்சரிக்கை உங்க போனுக்கு வரும். பாத்துக்கிட்டே இருக்கணும். வந்தா உடனே அவரப் படுக்க வச்சிடுங்க.”

“இருக்கட்டுங்க,” என்றார் சென்னியப்பன். “அவ நடந்தா. நானும் நடக்கறேன்.”

யாழினி யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். அப்பாவின் நாற்காலியில் யாராவது சாப்பிட்டு எழும்வரைதான் கால் காத்திருக்கிறது. அதில் அவளே உட்கார்ந்து சாப்பிட்டால் அவருக்குச் சீக்கிரம் ஓய்வு. முதல் நாள் ஒன்றரை மணிக்கே கால் அவரை ஸ்டூலுக்குக் கொண்டுபோனது. இருவரும் சிரித்தார்கள். முதல் இரண்டு வாரம் போன் ஒலித்த ஒவ்வொரு முறையும் அவள் கையை உதறிக்கொண்டு எழுந்து, அவரைப் படுக்க வைத்தாள். பிறகு, சாப்பிட்டு முடித்ததும் என்றாயிற்று.

இரண்டாம் மாதத்தில் ஒரு மதியம். யாழினி அந்த நாற்காலியில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடை சமையலறையில் கேட்டது: ஓர் அடி அழுத்தமாக, ஓர் அடி இழுத்து. கண்ணை மூடினால் அம்மாதான். போன் ஒலித்தது.

“யாரும்மா?” என்றார் சென்னியப்பன் உள்ளேயிருந்து.

அவள் இடக்கையால் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“ஒண்ணுமில்லப்பா. கொஞ்சம் ரசம் கொண்டாங்க.”