ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிப் பந்தி

எங்கள் கடைப் பலகையைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் போனவர்கள் கள்ளக்குறிச்சியில் யாருமே கிடையாது.

'மத்தியதரைக் கடல் உணவகம். ஞாயிறுதோறும் பிரஞ்ச். காலை 11 மணி.'

"இங்க எங்க கடல் கீது? கடலைப் பாக்கணும்னா கடலூருக்கு இல்ல போவணும்!" என்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

நான் தமிழ்மொழி, ஆறாம் வகுப்பு. கடை என் அம்மாவுடையது. அம்மாவின் பெயர் செந்தமிழ்ச்செல்வி. நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது சைப்ரஸ் என்ற தீவுக்கு வேலைக்குப் போனார். மத்தியதரைக் கடலுக்குள் இருக்கும் தீவு அது. அங்கே கடற்கரையில் ஓர் ஒயின் பார். பெரியவர்கள் ஒயின் குடித்துக்கொண்டே ஆற அமரச் சாப்பிடும் இடம். அம்மாவுக்கு அதன் சமையலறையில் வேலை.

"நம்ம கடையில ஒயினெல்லாம் கெடையாது. திராட்சை ஜூஸ்தான்" என்று அம்மா முதலிலேயே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

அம்மா இல்லாத அந்த வருஷங்களைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அழுகை வரும். அப்பாவுக்குத் தலை பின்னத் தெரியாது. அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது அம்மா வந்துவிட்டார். ஆனால் சைப்ரஸ் முதலாளியம்மா விடுகிற மாதிரி இல்லை. "எப்போ திரும்பி வர்றே?" என்று வாராவாரம் போன்.

ஒருநாள் அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"கடை தொறக்கறதுக்கு முன்னாடி, வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம சொந்தக்காரங்களைக் கூப்ட்டு ஆக்கிப் போடுவோம். அவங்களுக்கே புடிக்கலைன்னா ஊருக்கு எப்படிப் புடிக்கும்? அப்புறம் நான் கெளம்ப வேண்டியதுதான்."

எப்படியாவது எல்லோருக்கும் பிடித்துவிட வேண்டுமே!

"பிரஞ்ச்னா இன்னா?" என்று அப்பா கேட்டார்.

"காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவுல சாப்புடறது."

"அந்த ரெண்டுங்கெட்டான் நேரத்துல யாருக்குப் பசிக்கும்?"

"அதான் காலையில ஒண்ணும் சாப்புடாம வரச் சொல்லணும்."

அப்பா ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "வெறும் வயித்தோட வாங்க" என்றார். ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி இருந்தது.

சனிக்கிழமை இரவே கொண்டைக்கடலையை ஊறப் போட்டோம். காலையில் அதை வேகவைத்து எள்ளு, பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்து அம்மா வெண்ணெய் மாதிரி அரைத்தார். அதற்கு ஹம்மூஸ் என்று பெயர். கத்தரிக்காயைச் சுட்டு மசித்தார். அங்கே கோதுமைக் குருணையில் செய்யும் புதினா சாலட்டை இங்கே கல்வராயன் மலைச் சாமையில் செய்தார். தயிரில் வெள்ளரிக்காய் ஒரு கிண்ணம், தயிரில் மலைத்தேன் ஒரு கிண்ணம். உப்பில் ஊறிய ஆலிவ் காய்கள் மட்டும் சைப்ரஸிலிருந்து வந்தவை. கடைசியாக, சூடான ரொட்டிகளைக் கூடையில் அடுக்கி வெள்ளைத் துணியால் மூடினார்.

பதினோரு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். சங்கராபுரத்திலிருந்து தனசேகரன் பெரியப்பா, அவருடைய மருமகள் மலர்விழி அண்ணி, பேரன் ஆகாஷ். பக்கத்து வீட்டு ராணியம்மாள் அத்தை. இன்னும் ஏழெட்டுப் பேர். கை கழுவிவிட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்பா ஜூஸுக்கு ஐஸ் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

"தமிழு, கிண்ணத்தை வெச்சுட்டு உடனே உள்ள வந்துடணும்" என்றார் அம்மா. "பக்கத்துல நின்னு பாக்கக் கூடாது. சாப்புடறவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது. அங்கெல்லாம் அப்படித்தான்."

கிண்ணங்களையும் கூடையையும் வைத்துவிட்டு நாங்கள் உள்ளே வந்தோம். நான் கதவிடுக்கில் கண்ணை வைத்தேன்.

யாருமே சாப்பிடவில்லை.

பெரியப்பா கிண்ணங்களைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். ராணியத்தை சேலையைச் சரிசெய்தார். ஆகாஷ் தேன் தயிர்ப் பக்கம் கையை நீட்டினான். மலர்விழி அண்ணி பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி போட்டார்.

"சாப்பிடறாங்களா?" என்று அம்மா கிசுகிசுத்தார்.

"இல்லம்மா. உக்காந்துகினு இருக்காங்க."

"ஒருவேளை கம்மியா வெச்சுட்டமோ?"

அம்மா இன்னும் ஒரு கிண்ணம் கொடுத்தார். கொண்டுபோய் வைத்தேன். அவர்கள் நகர்த்தி இடம் கொடுத்தார்களே தவிர, தொடவில்லை. இன்னொரு கிண்ணம். அதற்கும் இடம் கொடுத்தார்கள். மேஜை நிறைந்துபோய், ராணியத்தை தன் தண்ணீர் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டார்.

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"எடுத்து வாயிலகூட வெக்கல. பாத்ததுமே புடிக்கல போல."

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "வெங்காயம்" என்று துடைத்துக்கொண்டார். அன்றைக்கு நாங்கள் வெங்காயமே வெட்டவில்லை.

"சாயந்தரம் போன் பண்ணி, வரேன்னு சொல்லிடறேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொந்தரவாவது, ஒன்றாவது! நேராக மேஜைக்குப் போனேன்.

"ராணியத்தே! ஏன் யாருமே சாப்புடல? நல்லா இல்லியா?"

ராணியத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாடி கேள்வி இது? தொட்டுக்கத்தானே வந்திருக்குது? தொட்டுக்கினு சாப்புட இன்னா வரும்னு காத்துக்கினு இருக்கறோம்."

"ரொட்டி இருக்குதே, இந்தக் கூடைக்குள்ள!"

"துணி போட்டு மூடி வெச்சிருந்தா? அடுத்தவங்க மூடி வெச்சதை நாங்களா தொறக்கறது?"

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "அது கெடக்குது, கண்ணு. சாப்புடுங்கன்னு ஒரு வார்த்தை யாராச்சும் சொன்னீங்களா? வெச்சீங்க, உள்ள போனீங்க. போனவங்க போனவங்கதான்."

சொல்லி முடிக்கும்போது அவர் வயிறு கடமுடா என்று சத்தம் போட்டது. ஆகாஷ் களுக்கென்று சிரித்தான்.

அட! இவ்வளவுதானா?

எங்கள் பக்கத்தில் "சாப்புடுங்க" என்று சொல்லாமல் யாரும் இலையில் கை வைக்கமாட்டார்கள். பெரியப்பாவோ, சொல்லாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். இத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்து அம்மா இதை மறந்தே போய்விட்டார்!

உள்ளே ஓடினேன். சாம்பார் வாளி கவிழ்த்து வைத்திருந்தது. அதை நிமிர்த்தி, மீதி ஹம்மூஸை வழித்துப் போட்டேன்.

"அடியே! ஹம்மூஸைப் போய் வாளியிலயா?" என்று அம்மா பதறினார்.

"அவங்களுக்குப் பசி உயிர் போவுதும்மா! யாருமே சாப்புடச் சொல்லலையாம். அதான் சும்மா உக்காந்துகினு இருக்காங்க. நீ ரொட்டி எடுத்துக்கினு வா. பந்தி பரிமாறலாம்."

"தமிழு, ரெஸ்டாரண்ட்ல அப்படியெல்லாம்..."

நான் அதற்குள் வெளியே போய்விட்டேன்.

"பெரியப்பா, சாப்புடுங்க! அத்தே, சாப்புடுங்க! அண்ணி, தட்டைக் காட்டுங்க!"

துணியை விலக்கி ஆளுக்கொரு ரொட்டி வைத்தேன். பக்கத்தில் ஒரு கரண்டி ஹம்மூஸ். பெரியப்பா தட்டுக்குக் குறுக்கே கையை நீட்டி, "போதும், போதும்" என்றார். எங்கள் ஊரில் ஒரு 'போதும்' என்றால் இன்னும் ஒரு கரண்டி என்று அர்த்தம். போட்டேன்.

ராணியத்தைதான் முதலில் வாயில் வைத்தார்.

அவர் மென்றார். கண்ணைச் சுருக்கினார். மறுபடியும் மென்றார்.

"அடி செல்வி! இது கொண்டக்கடல இல்ல? புள்ளையார் சதுர்த்தி சுண்டலை இப்படி மையா அரைச்சு வெச்சிருக்கியே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பூண்டு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் அத்தை. பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார். "இன்னும் ஒரு கரண்டி போடு."

அப்பாடா!

அதற்குப் பிறகு வாளி நிற்கவே இல்லை. அம்மாவும் ரொட்டிக் கூடையோடு வெளியே வந்தார். முதலில் தயங்கித் தயங்கித்தான் நடந்தார். கொஞ்ச நேரத்தில் பழைய பேச்சு வந்துவிட்டது.

"மாமா, கத்தரிக்காயைத் தொடவே இல்லியே! ராணியக்கா, இந்தச் சாமை நம்ம மலையில வெளைஞ்சது. கூச்சப்படாம சாப்புடுங்க!"

ஆகாஷ் ஓர் ஆலிவை வாயில் போட்டுவிட்டு முகத்தை அஷ்டகோணலாக்கினான். "தாத்தா, இந்த நாவப்பழம் கெட்டுப்போச்சு!" அவனுக்குத் தேன் தயிரை முழுக் கிண்ணமாகக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். பெரியப்பாவோ அந்த ஆலிவ்களை ஊறுகாய் மாதிரி நக்கி நக்கி, ஒரு கிண்ணம் காலி செய்துவிட்டார்.

எல்லாம் முடிந்து எழுந்தபோது பெரியப்பா ஒரு பெரிய ஏப்பம் விட்டார்.

"செல்வி, அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வூட்டு ஜனம் மொத்தமும் வரும். மேஜை பத்தாது, பாத்துக்கோ. ஆனா ஒண்ணு. கடைசியா ஒரு கை மோர்ச்சோறு போட்டுடு. அது இல்லாம சாப்புட்ட மாதிரியே இல்ல."

"போட்டுடறேன் மாமா" என்று அம்மா சிரித்தார்.

அவர்கள் கிளம்பிப் போனதும் அம்மாவின் போன் அடித்தது. சைப்ரஸிலிருந்துதான். கழுவிய வாளியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். அம்மா அந்த ஊர் பாஷையில் பேசினார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்தார்.

போனை வைத்ததும் கேட்டேன். "இன்னாம்மா சொன்னே?"

"நான் வரலை, வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டேன்."

நான் வாளியோடு ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அதிலிருந்த தண்ணீர் அம்மாவின் முதுகில் வழிந்தது. அழுதேன், சிரித்தேன், இரண்டையும் சேர்த்தே செய்தேன். அம்மா திட்டவே இல்லை.

"அடுத்த வாரத்துக்கு எவ்ளோ கடலை ஊறப் போடலாம், சொல்லு" என்றார்.

"ஊருக்கே போடும்மா!" என்றேன்.