சுவருக்குப் பூஜ்ஜியம்

சுவரின் வெப்பக் கடத்துதிறனுக்கு அவள் பூஜ்ஜியம் என்றுதான் கொடுத்திருந்தாள். அப்படியும் திரையில் சூடு சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கட்டடங்களுக்குள் வெப்பம் எப்படிப் பாயும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவள் பிழைப்பு. புது மாதிரி எதையும் முதலில் சொந்த வீட்டை வைத்துத்தான் சோதிப்பாள். அளவெல்லாம் தலைகீழ்ப் பாடம். சுவருக்குப் பூஜ்ஜியம் கொடுத்தால் சூடு அங்கேயே நிற்க வேண்டும், நின்றால் மென்பொருள் ஒழுங்கு. அடுத்த அறையில் மகள் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். அதனால் இந்த முறை விளையாட்டாக, கட்டிலில், மகளின் காய்ச்சல் அளவான முப்பத்தொன்பது டிகிரி செல்சியஸில் ஒரு சின்ன உருவத்தையும் சேர்த்திருந்தாள். பெற்றவள் செய்கிற வேலையா இது என்று கணவன் கடிந்துகொண்டான்.

மழை பிடித்துக்கொண்ட மத்தியானம். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும் ஓசையும், கணினி விசிறியின் முனகலும், கதவிடுக்கில் வரும் மருந்தின் இனிப்பு வாடையும் சேர்ந்து அறையை அழுத்த, அவள் எண்களைச் சரிபார்த்துவிட்டு மறுபடி ஓட்டினாள். திரையில் கட்டிலின் சிவப்பு நூல் நூலாகப் பிரிந்து தலைமாட்டுச் சுவருக்குள் ஊர்ந்தது. கட்டிலில் முப்பத்தேழு. முப்பத்தொன்பது மாறவே கூடாத எண்; அவளே பூட்டி வைத்தது.

"காய்ச்சல் இறங்கிடுச்சு," அடுத்த அறையிலிருந்து கணவன் சொன்னான். "முப்பத்தேழுதான். நல்லா தூங்குறா."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. அவள் திரையிலிருந்த எண்ணை மறுபடி பார்த்தாள்.

"இன்னொரு தடவ பாருங்க."

"இப்பதானே பார்த்தேன்."

"பாருங்களேன்."

திரையில் முப்பத்தைந்து.

"முப்பத்தஞ்சு காட்டுது. கருவி கெட்டுப்போச்சுபோல."

ஓட்டத்தை நிறுத்தினாள். நிற்கவில்லை. முப்பத்துநான்கு. மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

"அவளத் தூக்குங்க," என்றபடி ஓடினாள். "சுவர விட்டுத் தள்ளி வாங்க."

கணவன் மகளை வாரியெடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அறை நடுவே நின்றான். அவன் முகம் வெளிறியிருந்தது. அவள் மகளின் கன்னத்தைத் தொட்டாள். வெறுந்தரை போலச் சில்லென்றிருந்தது. மகள் கண் திறந்தாள்.

"இப்ப நல்லா இருக்கும்மா," என்றாள். அந்த மூச்சிலும் சூடில்லை.

தலைமாட்டுச் சுவர் வியர்த்திருந்தது. அவள் உள்ளங்கையை வைத்தாள். கொதித்தது. மூன்று நாளாக அவள் கை அறிந்த அதே சூடு. கையை எடுக்கப் போனாள். சுவருக்குள்ளிருந்து, அவள் உள்ளங்கைக்கு நேராக, ஐந்து சின்ன விரல்கள் அழுத்தின.